வெட்டி எடுத்த நம்பர்

ஜூன் 3, செவ்வாய்

பதிவுத் தபால் வந்தது, என் பெயருக்கு. கோகிலவாணி, க/பெ பூபதி. எம்.எஸ்ஸி. சான்றிதழுக்குப் பிறகு என் பெயருக்கென்று வந்த முதல் தபால். மிதுனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே பிரித்தேன்.

போலீஸ் நோட்டீஸ். மே 19 அதிகாலை நெடுஞ்சாலையில் பால்காரர் சென்னப்பன், வயது 52, என்பவர் மீது ஒரு லாரி மோதி நிற்காமல் போயிருக்கிறது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். கேமராவில் பதிவான எண்ணுக்கு உரிமையாளர் நான். ஓட்டியவர் யார், வண்டி யார் வசம் இருந்தது என்று 13ஆம் தேதிக்குள் நேரில் வந்து எழுதித் தர வேண்டும்.

எண் எங்கள் லாரியின் எண்தான். ஆனால் அந்த லாரியே இப்போது இல்லை. எஃப்.சி. தகுதிச் சோதனையில் தேறாது என்று போன ஆடியில் இவர் உடைக்கக் கொடுத்துவிட்டார்.

இந்தப் பக்கம் பெண்டாட்டி பேரில் லாரி வாங்குவது வழக்கம். ராசி என்பார்கள். பூஜை போட்ட அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததோடு சரி, அதன் கேபினில் நான் ஒருமுறைகூட ஏறியதில்லை.

மதியம் சாப்பிட வந்தவரிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்தார்.

"எவனோ நம்ம நம்பரப் பிளேட்டுல எழுதி ஓட்டறான். நீ போயிச் சொல்லிட்டு வந்துரு."

"நீங்க வரலீங்களா?"

"ஓனரு நீதானே அம்மிணி. எம்மெஸ்ஸி வேற. நாலு வார்த்தை இங்கிலீசுல பேசு, எந்திரிச்சு நிப்பாங்க."

சிரித்தார். மோர் ஊற்றிக்கொள்ளாமலே கை கழுவிவிட்டார்.

ஜூன் 4, புதன்

இரண்டு பஸ் மாறிப் போனேன், மிதுனாவோடு. எஸ்.ஐ. உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மொபெட் கிடந்தது, இரண்டு பக்கமும் பால் கேன் நசுங்கி. அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினேன்.

"ஒடைச்ச வண்டி எப்படிம்மா ஆள அடிக்கும்? பேயா?"

"யாரோ போலி நம்பர் பிளேட் மாட்டியிருக்கலாம் சார்."

"பிளேட் மட்டும்னா நானே ஒத்துக்குவேன். ஏப்ரல் மாசம் செக்போஸ்ட்ல அந்த வண்டிய நிறுத்தி ஆர்.சி. பாத்திருக்காங்க, சேசிஸ் நம்பரும் பாத்திருக்காங்க. ரெண்டும் உங்களுது."

பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். லாரிக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம்தான் சேசிஸ். வலது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே அதில் நம்பர் அடித்திருக்கும். வண்டியை உடைத்தால் அந்த இடத்தை மட்டும் கையகலத்துக்கு வெட்டி எடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். அங்கே ஆர்.சி.யை ரத்து செய்வார்கள்.

"ஒப்படைச்சீங்களா?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றேன்.

"அந்தத் துண்டைத் திருட்டு லாரியில வெச்சு வெல்டு அடிச்சா, அது உங்க லாரி. துண்டு யார் கையில போச்சோ அவன்கிட்டதான் கேஸ் இருக்கு. முதல்ல ஒடைச்சதுக்கு ஆதாரம் கொண்டா. கொறஞ்சது எஞ்சின். இல்லைன்னா நீதான் பதில் சொல்லணும்."

நீங்க என்பது எந்த வாக்கியத்தில் நீ ஆனது என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பெண்கள் ஜெயிலில் இரண்டு வயதுக் குழந்தையைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்களா என்று போனில் தேடினேன். விடுவார்களாம். தேடியதை அழித்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

எந்தக் கடையில் உடைத்தார்கள் என்று கேட்டால் இவருக்குத் தெரியவில்லை. புரோக்கரிடம் விட்டாராம். ஆர்.சி. புத்தகமும் அவனிடம்தானாம். அவன் ஆந்திரா பக்கம் போய்விட்டானாம். போன் நம்பர் மாறிவிட்டதாம்.

நானே ஸ்கூட்டியை எடுத்தேன். காயலான் கடை என்றால் எனக்குத் தெருவில் தராசோடு வரும் ஆள்தான் தெரியும். இது வேறு. சங்ககிரியிலிருந்து உள்ளே, சோளக்காட்டு நடுவில், முள்கம்பி போட்ட அரை ஏக்கர். கேபின்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. ரேடியேட்டர் ஒரு குவியல், ஸ்பிரிங் பட்டை ஒரு குவியல். தரையில் மண் தெரியவில்லை, கறுப்பு ஆயில்தான். இப்படி இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து இருக்குமாம்.

முதல் கடைக்காரர் மாரப்பன். கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"என்ன பார்ட்டு?"

"பார்ட்டு இல்லீங்ணா. போன ஆடியில ஒரு வண்டி இங்க ஒடைக்க வந்துதுங்களான்னு கேக்க வந்தேன்." நம்பரைச் சொன்னேன்.

வெற்றிலையைத் துப்பினார். என் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. "வாங்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

"எங்க வண்டிதானுங்க அது."

"கேட்டுக்குள்ள வந்துட்டா அதுக்கு நம்பரும் இல்ல, ஊரும் இல்ல. இரும்பு. பார்ட்டு கேளு, எடுத்துத் தாரேன். வண்டியக் கேட்டீன்னா கேட்ட சாத்திப்போடுவேன். போ அம்மிணி, வெயில்ல நிக்காத."

இரண்டாவது கடையில் கேட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாவதில் என்னைப் போட்டோ எடுத்தார்கள். எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

நான்கு கடை. ஒன்றுமில்லை. செருப்புக்குள் இரும்புச் சீவல் ஏறி ஊசி போட்டுக்கொண்டேன். மிதுனாவுக்குக் காய்ச்சல், 100.4.

ஜூன் 7, சனி

வண்டியைக் கேட்கக்கூடாது, பார்ட்டைக் கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாளானது.

குமாரபாளையம் போகிற வழியில் ஒரு கடை. நடத்துவது சரசா என்ற பெண். எங்கள் வண்டியின் மாடலைச் சொல்லி இடது பக்கக் கதவு வேண்டும் என்றேன்.

"ஊட்டுக்காரர் வரலியா?"

"வண்டியோட லைனுக்குப் போயிருக்காருங்க." பொய் தானாக வந்தது.

"கதவு வாங்கறதுக்குக் கொழந்தைப் பையத் தோள்ல மாட்டிட்டு வந்த மொத ஆளு நீதாங் கண்ணு. போ, பொறுக்கிக்க. காலக் கையக் கிழிச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து அழுவாத."

வேப்பமரத்தில் சாய்த்துச் சாய்த்து அடுக்கிய கதவுகள். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒவ்வொரு கதவிலும் ஒரு குழந்தை பெயர். கவின், ஹரிணி, சஞ்சய். இந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று தோன்றியது. பதினான்காவது கதவில் மஞ்சள் எழுத்தில் மிதுனா, இரண்டு பக்கமும் கிளி. அவள் பிறந்த வாரம் இவர் எழுதி வைத்தது. ஆஸ்பத்திரிக்கே வந்து போனில் படம் காட்டினார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு? அடிபட்ட வண்டிக் கதவா? உன்ற ஆளு யாராச்சும் போயிட்டாங்களா?" சரசாவின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இல்லீங்க்கா. இது எங்கிருந்து வந்துதுங்க?"

சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "எட்டுக் கதவு மொத்தமா எடுத்தது, நல்லமுத்துகிட்ட. நாஞ் சொன்னேன்னு சொல்லீராத. சொன்னீன்னா நாஞ் சொல்லவே இல்லம்பேன்."

எஸ்.ஐ.க்குப் போன் செய்தேன். "கதவுல நம்பர் இருக்கா? பேரை எவன் வேணா எழுதலாம். எஞ்சினைக் கண்டுபிடிம்மா" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் கதவு கிடைத்தது என்று சொன்னேன். அத்தை, "மருமவ இரும்புக் கடையில நிக்கறான்னு தறிக்காரன் வந்து சொல்லறான்" என்றார். இவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே கறி எடுத்து வந்தார். மிதுனாவுக்குக் கடலை மிட்டாய். சாப்பிடும்போது நன்றாகப் பேசினார்.

"நாளைக்கும் சுத்தப் போறியா?"

"வேற என்னங்க பண்றது? அஞ்சு நாள்தான் இருக்குது."

"போ, வேண்டாங்கல. அந்த நல்லமுத்து கடைக்கு மட்டும் போயிராத. பொம்பளைங்ககிட்ட ஒரு மாதிரி பேசுவான்."

சரி என்றேன். பாத்திரம் கழுவினேன். இட்லிக்கு ஊறப்போட்டேன். மிதுனாவின் நகத்தை வெட்டிவிட்டேன்.

நல்லமுத்து என்ற பெயரை நான் இவரிடம் எப்போது சொன்னேன்? கதவு கிடைத்தது என்று மட்டும் சொன்னதாகத்தான் நினைவு. சொல்லியிருப்பேன். காய்ச்சல் மருந்து கொடுக்கிற அவசரத்தில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று வெளியே போகவில்லை. அத்தை ஸ்கூட்டி சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

இவர் ஒரு யோசனையோடு வந்தார். எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த செல்வராசு பெயரை ஓட்டியவர் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

"அவம் போர்வெல் வண்டிக்குப் போயி ஒரிசாவுல கெடக்கறான். அவனத் தேடிப் புடிக்கறதுக்குள்ள கேசு ஆறிப் போயிரும்."

"ஒரிசாவுல இருக்கறவரு இங்க எப்படீங்க ஓட்டியிருப்பாரு?"

"பாரு, எம்மெஸ்ஸி ஆரம்பிச்சுட்டா." அத்தையைப் பார்த்துச் சொன்னார். "இவ படிச்சதுக்கு அந்தாளு செத்ததே தப்புன்னு நிரூபிச்சுருவா."

செல்வராசுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மிதுனாவின் பெயர் சூட்டு விழாவுக்கு வந்து பந்தி பரிமாறினார். அதைச் சொன்னேன். "அப்ப நீ உள்ள போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பீரோ சாவி எங்கே என்று கேட்பது போலச் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ்ஸில் நல்லமுத்து கடைக்குப் போனேன். எஞ்சின் இருந்தது. நம்பர் ஒத்துப்போனது. பென்சில் பிரிண்ட் எடுத்துவிட்டேன். கையெல்லாம் கரி. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜூன் 11, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

நல்லமுத்து கடையில் நாயைக் கட்டவில்லை. என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கேஸ் கட்டரோடு ஒரு பஸ்ஸின் கூரையைப் பிளந்துகொண்டிருந்தார். நான் கத்திக் கத்திச் சொன்னேன், எஞ்சின் பிளாக் வேண்டும், இன்ன மாடல் என்று. அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினார்.

"பிளாக்க வெச்சு அம்மியா அரைக்கப் போற?"

"நம்பர் பாக்கோணுங்க."

"நம்பர் பாக்கறவளா?" மேலும் கீழும் பார்த்தார். "நீ பூபதி சம்சாரமா? அவன் அனுப்புனானா?"

இல்லை என்றேன். நான் வந்தது வீட்டில் தெரியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் நடந்தார், நான் பின்னால் போனேன்.

தகரக் கொட்டகையில் நான்கு பிளாக்குகள். டீசல் துணியைத் தூக்கி எறிந்தார். துடைத்தேன். இன்சூரன்ஸுக்கு ஏஜெண்ட் வந்து செய்வதைப் பார்த்திருக்கிறேன். நம்பர் மேல் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். மூன்றாவது பிளாக்கில் எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. எங்கள் பழைய பாலிசியோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தப்பவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடவுளே, நான் ஜெயிலுக்குப் போகமாட்டேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"எஞ்சின வெச்சு ஒண்ணுஞ் செய்ய முடியாது" என்றார் நல்லமுத்து. "எஞ்சின எவன் வேணா மாத்துவான். துண்டக் கேப்பாங்க."

"அந்தத் துண்டு எங்கீங்க?"

"எங்கடையில மொத வெட்டே அதுதான். கட்டரப் பத்தவெச்சா மொதல்ல நம்பர் துண்டு. அத ஓனர் கையில குடுத்து, அவன் புடிச்சிட்டு நிக்கற மாதிரி ஒரு போட்டோ. அப்பறந்தான் மத்ததுல கை வெப்போம். நாளைக்குப் போலீசு எங்கழுத்தப் புடிச்சா நாங் காட்டோணுமில்ல?"

"ஓனர் நானுங்க. நான் வரவே இல்லியே."

"ஓனரோட புருசன் வந்தான்."

போனைத் தேய்த்து எடுத்துக் காட்டினார். போன வருடம் ஜூலை 31. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சந்தனக் கலர் சட்டை. இரண்டு கையாலும் அந்த இரும்பைப் பிடித்திருக்கிறார், பரிசு வாங்கினவர் மாதிரி. சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஆர்.டி.ஓ.வுக்குக் குடுக்கோணும்னு அதத் தோள்துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனான். ஆர்.சி. புக்கும் அவங் கையிலதான் இருந்துது. புரோக்கரு கீக்கரு எவனும் வரல."

அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள் என்றேன்.

"அனுப்பமாட்டேன். போலீசு நேர்ல வந்து கேட்டாக் காட்டுவேன். கேக்காதவரைக்கும் எம்போனுக்குள்ளயே கெடக்கும். உனக்குக் காட்டுனதே ஆர்.சி.ல உம்பேரு இருக்கறதால. போ. இதுக்கு மேல இங்க நின்னீன்னா நானும் மரியாதையாப் பேசமாட்டேன்."

ஆக, நான் சொன்னால்தான் போலீஸ் அங்கே போகும். சொல்லாவிட்டால் யாரும் போகப்போவதில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் வேறு மாதிரித் தெரியும் என்று நினைத்தேன். அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

கேட்டேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"துண்ட யாருக்குக் குடுத்தீங்க?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தேன் என்றேன். மறு கன்னத்தையும் மழித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கேட்டான் ஒருத்தன், குடுத்தேன். ஆர்.சி.யும் சேத்துக் குடுத்தா நல்ல வெலைக்குப் போகுது. இந்த லைன்ல பாதிப் பேரு பண்றதுதான். அவம் போயி ஆள அடிப்பான்னு நாங் கனவா கண்டேன்?"

"யாருங்க அவன்?"

"அது உனக்கெதுக்கு?"

"எம்பேர்லதானுங்க இருக்குது. நோட்டீஸ் எனக்குத்தானுங்க வந்திருக்குது."

"அதனாலதான் சொல்றேன். எம்பேர்ல இருந்தா இந்நேரம் தூக்கிட்டுப் போயி முட்டிய ஒடைச்சிருப்பாங்க. பொம்பள, கைக்கொழந்தக்காரி, படிச்சவ. உன்னய உள்ள வெக்கமாட்டாங்க. அப்படியே வெச்சாலும் ரெண்டு நாள்ல பெயிலு. எல்லாம் யோசிச்சுத்தான் பேசாம இருந்தேன்."

எல்லாம் யோசித்திருக்கிறார். நான் சோளக்காட்டில் செருப்பில் ரத்தத்தோடு நின்றபோது அவருக்கு எந்தக் கேட் என்று தெரியும்.

அத்தை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதிதில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "செல்வராசு பேர எழுதிக் குடுத்துட்டு வா. ஊட்டுக்குள்ள இருக்கறது ஊட்டுக்குள்ள இருக்கட்டும். நாளைக்குப் போறப்பக் கொழந்தய எங்கிட்ட உட்டுட்டுப் போ."

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஐந்தரைக்கே எழுந்தேன். பால் காய்ச்சினேன். துணி ஊறவைத்தேன், வழக்கம் போல. அத்தை வாசலில் கோலம் போட உட்கார்ந்த நேரத்தில் மிதுனாவை எழுப்பி, பின்பக்கம் குளியலறை வழியாக வெளியே வந்தேன். ஒரு பையில் அவள் துணி, மருந்து, என் சான்றிதழ்கள், பென்சில் பிரிண்ட், இந்த நோட்டு. திருப்பத்தில் தறிக்காரர் பார்த்துவிட்டார். "எங்கம்மிணி இந்நேரத்துல?" என்றார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். இவ்வளவு எளிதாகப் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

இரண்டாவது பஸ்ஸில் போன் அடிக்கத் தொடங்கியது. பதினோரு தடவை. பிறகு ஒரு மெசேஜ்: "யோசிச்சு எழுது. திரும்பி வர்றதுக்கு ஊடு வேணும்."

எஸ்.ஐ. பென்சில் பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கே, யார் கடை என்று கேட்டார். சொன்னேன். முதல் தடவையாக நாற்காலியைக் காட்டினார்.

"சரி. உன் வண்டி ஒடைஞ்சது நிஜம்னே வெச்சுக்குவோம். துண்டு?"

படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் தெரியாது என்று எழுதினேன். அது உண்மை. அடுத்தது, வாகனமும் ஆவணங்களும் கடைசியாக யார் வசம் இருந்தன.

பேனா நின்றது. மிதுனா மடியில் படிவத்தின் ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ஜூலை 31 அன்று நல்லமுத்து கடையில் நம்பர் துண்டை வாங்கியவர், ஆர்.சி. புத்தகத்தை வைத்திருந்தவர், பிறகு இரண்டையும் வேறொருவருக்குக் கொடுத்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டவர். கடைக்காரரின் போனில் படம் இருப்பதையும் எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்.

"படிச்சுக் காட்டும்மா" என்றார் எஸ்.ஐ. "படிச்சுட்டுத்தான் கையெழுத்து."

படித்தேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. பூபதி என்ற பெயர் வந்ததும் மிதுனா நிமிர்ந்து, "அப்பா" என்றாள். யாராவது அப்பா பேரென்ன என்று கேட்டால் சொல்ல அவளைப் பழக்கி வைத்திருந்தோம். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். அங்கே 'உரிமையாளருக்கு உறவு' என்று இருந்தது. நான் அதை நிரப்பாமல் விட்டிருந்தேன்.

கணவர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.